துயர் கண்ட நாட்டிற்குச் சுற்றுலாச் செல்லலாமா?

விடுமுறை நாள்கள் நெருங்கும்போது நம் இல்லங்களில் எழும் முதற்பேச்சு, 'இவ்வாண்டு எங்கே செல்லலாம்?' என்பதே. வேளாங்கண்ணி, பூண்டி, ஏலாக்குறிச்சி என்று திருத்தலங்களோடு நின்றிருந்த குடும்பப் பயணங்கள் இன்று கடல் கடந்தும் செல்கின்றன. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கடற்கரைப் பங்குகளில் வாழும் நமக்கு, அயல்நாடு என்றதும் முதலில் நினைவில் எழுவது இலங்கை. தமிழ் பேசிச் சமாளிக்கலாம். மடு அன்னையின் திருத்தலம் உண்டு. கொழும்பு கொச்சிக்கடையில் புனித அந்தோணியாரின் ஆலயம் உண்டு. சென்னையிலிருந்து கொழும்பு செல்ல விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. யாழ்ப்பாணத்திற்கான விமானப் போக்குவரத்து 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பலும் விடப்பட்டது.

ஆயினும், பெட்டி கட்டுமுன் ஒரு தயக்கம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அந்நாடு அடிமேல் அடி பட்ட நாடு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் அங்கே 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கால் நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் பேரழிவோடு முடிந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, ஆலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகள் 250-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. 2022-இல் பொருளாதாரம் சரிந்து, பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டிட்வா' புயலில் வெள்ளமும் மண்சரிவும் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயின. அதே புயல் வலுவிழந்து நம் கரையோரம் தங்கி நின்று எண்ணூரிலும் மழையைக் கொட்டித் தீர்த்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இத்தகைய நாட்டிற்கு நாம் மகிழ்ச்சி தேடிச் செல்வது முறையா? 'பிணம் எடுத்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து பலகாரம் உண்பது போலல்லவா இது?' என்று கேட்பார் ஒருவர். 'இப்போதுதான் அறை வாடகை மலிவு; கூட்டமும் இராது' என்பார் மற்றொருவர். முன்னவர் சொல்லில் இரக்கம் இருக்கிறது. பின்னவர் சொல்லில் கணக்கு இருக்கிறது. இவ்விரண்டுமே முழு உண்மை அல்ல என்பது நம் எண்ணம். இதைத் தீர்மானிக்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வடசென்னைக் கரையில் வாழும் நாமே துயருற்ற மக்களாக இருந்தவர்கள். பிறர் வந்து பார்க்கும் பொருளாகவும் இருந்தவர்கள்.

நம் கரைக்கு வந்தவர்கள்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். அன்று காலை வந்த அலைகள் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கட்டுமரங்களையும் படகுகளையும் வலைகளையும் வாரிச் சென்றன. தமிழகம் முழுவதிலும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்; அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தினர். நம் கரையில் உயிரிழப்பு அந்த அளவுக்கு இல்லை எனினும், வீடும் தொழிலும் இழந்த குடும்பங்கள் மிகப் பல. தற்காலிகக் குடில்களில் அல்லலுற்றுப் பின்னர் எர்ணாவூர்க் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

2017 சனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்தை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் கரையெங்கும் கறுப்புப் பாகாகப் படிந்தது. அதை இளைஞர்களும் பணியாளர்களும் வாளி வாளியாகக் கையாலேயே அள்ளிய காட்சியை நாடே கண்டது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கொசத்தலையாற்றின் முகத்துவாரத்தில் பரவியது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் எனப் பல ஊர்களில் படகும் வலையும் எண்ணெயில் தோய்ந்தன. கூழைக்கடாப் பறவைகள் இறகு விரிக்க இயலாமல் தவித்தன. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே அம்மோனியா வாயு கசிந்து, உறங்கிக் கொண்டிருந்த மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினர். 'பட்ட காலிலே படும்' என்ற பழமொழியை நம் மக்கள் ஏட்டில் படித்து அறியவில்லை.

அந்நாள்களில் நம் கரைக்கு வந்தவர்கள் இருவகையினர். சோற்றுப் பொட்டலத்தோடும் துணிமணிகளோடும் வந்து, 'என்ன வேண்டும்?' என்று கேட்டவர்கள் ஒரு வகையினர். வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் மட்டுமே வந்தவர்கள் மற்றொரு வகையினர். அழுதுகொண்டிருக்கும் தாயின் முகத்தருகே கருவியை நீட்டுவதும், 'உங்கள் வீட்டில் எத்தனை பேர் போனார்கள்?' என்று கூசாமல் கேட்பதும், உடைந்த படகின் அருகில் நின்று புன்னகையோடு படம் எடுத்துக்கொள்வதும் அவர்கள் வழக்கம். முதல் வகையினரின் பெயர் தெரியாவிடினும் அவர்களுக்காக இன்றும் செபிக்கிறோம். இரண்டாம் வகையினர் எதையும் திருடிச் செல்லவில்லை. எனினும் எதையோ பறிகொடுத்தது போன்ற உணர்வையே நமக்கு விட்டுச் சென்றார்கள்.

மீன் விலைபோகாத நாள்கள்

ஆயினும், அன்பு வாசகர்களே, வேடிக்கை பார்க்க வந்தவர்களைவிட நமக்குப் பெருந்தீங்கு செய்தவர்கள் வேறொரு பிரிவினர். அவர்கள் வராமலே போனவர்கள்!

ஆழிப்பேரலைக்குப் பின் ஒரு வதந்தி பரவியது. கடலில் மிதந்த உடல்களை மீன்கள் தின்றிருக்கும் என்றார்கள். மீன் உண்டால் நோய் வரும் என்றார்கள். நகர மக்கள் மீனைத் தொடவே அஞ்சினர். அலையில் தப்பிய சில படகுகளைச் செப்பனிட்டு, அச்சத்தை அடக்கிக்கொண்டு கடலுக்குச் சென்று வந்த மீனவர், கூடையை இறக்கிவைத்தபோது வாங்க ஆளில்லை. 2017-இலும் 2023-இலும் எண்ணெய் பரவியபோது இதே கதை. எண்ணெய் படாத ஆழ்கடலில் பிடித்த மீனுக்கும் ஐயப்பார்வையே கிடைத்தது. அலை ஒரு நாளில் வந்து ஒரு நாளில் திரும்பிவிட்டது. ஆனால் வாடிக்கையாளரின் அச்சம் வாரக்கணக்கில் நீடித்தது. தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கும் நம் தாய்மார்களைக் கேட்டால், இரண்டில் எது கொடிது என்பதைச் சொல்வார்கள்.

பேரிடர் கண்ட எந்த நாட்டிற்கும் இந்த இரண்டாம் அடி உண்டு. நமக்கு மீன் எதுவோ, அதுவே சுற்றுலாவை நம்பி வாழும் நாட்டிற்கு விருந்தினர். மீன் வாங்க வருவோர் நின்றபோது காசிமேடு பட்ட பாடுதான், விருந்தினர் வரவு நின்றபோது நீர்கொழும்பு பட்ட பாடும்.

வெறிச்சோடிய விடுதிகள்

2018-ஆம் ஆண்டில் இலங்கைக்கு 23 இலட்சத்திற்கும் மேற்பட்ட அயல்நாட்டுப் பயணிகள் வந்தனர். மறு ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. அடுத்து வந்த மே மாதத்தில் பயணிகளின் தொகை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, 2021-ஆம் ஆண்டு முழுவதிலும் வந்தவர்கள் 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. பொருளாதாரம் சரிந்த 2022-இல் 7 இலட்சம் பேர். 2023-இல் ஏறத்தாழ 15 இலட்சம். 2024-இல் 20 இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டு வந்தவர்களுள் முதலிடம் பெற்றோர் நம் இந்தியரே. 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

இந்த எண்களின் பின்னால் இருப்பவர் யாவர்? பெரிய விடுதியின் உரிமையாளருக்கு வேறு தொழில் இருக்கலாம். வங்கியில் சேமிப்பு இருக்கலாம். ஆனால் அறையைத் துப்புரவு செய்யும் பெண், படுக்கை விரிப்பைச் சலவை செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர், இளநீர் வெட்டித் தருபவர், ஆலய வாயிலில் மெழுகுதிரி விற்கும் மூதாட்டி ஆகியோருக்கு விருந்தினர் வராத நாள் அடுப்பு எரியாத நாள். நீர்கொழும்பை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கர் நிறைந்திருப்பதால் 'சின்ன ரோமாபுரி' என்று பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ளோர் பலர் நம்மைப் போன்றே கடலை நம்பி வாழும் மீனவர்கள்; தமிழ் மூதாதையரை உடைய குடும்பங்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் பிடிக்கும் இறாலும் நண்டும் கடற்கரை விடுதிகளின் சமையலறைக்கே செல்கின்றன. விடுதி வெறிச்சோடினால் படகும் கரையில் கிடக்கும். குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயம் அந்த ஊரில்தான் இருக்கிறது. உறவினரைப் புதைத்த அதே மக்கள், சில மாதங்களிலேயே பிழைப்பையும் இழந்தார்கள்.

ஆகவே, 'இரக்கத்தின் பொருட்டு நாங்கள் போகவில்லை' என்று சொல்வோர் ஒன்றை நினைக்க வேண்டும். அந்த இரக்கம் நம் மனத்திற்கு ஆறுதல் தரலாம். அவர்கள் உலையில் அரிசியாக விழாது.

துக்கம் விசாரிக்கும் முறை

அப்படியாயின், செய்தி வந்த மறுநாளே புறப்பட்டுவிடலாமா? கூடாது. இதற்கும் நம் மரபிலேயே வழிகாட்டல் உண்டு.

ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? முதல் நாள் நெருங்கிய உறவினரும் அண்டை வீட்டாரும் உதவும் கையுள்ளோரும் செல்கின்றனர். அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டார் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சென்றவர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதில்லை, விலை விசாரிப்பதில்லை, விடைபெறும்போது 'போய் வருகிறேன்' என்றும் சொல்வதில்லை. தொலைவில் உள்ளோர் சில நாள் கழித்துச் சென்று துக்கம் விசாரிப்பார்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்குச் செல்வோரும் உண்டு. பின்னர் அந்த வீட்டார் கடையைத் திறக்கும் நாள் வரும். அன்று முதல் ஆளாகச் சென்று பொருள் வாங்குபவரே உண்மையான அயலார்.

நாட்டிற்கும் இதே முறை பொருந்தும். மீட்புப் பணி நடக்கும் நாள்களில் விமானத்தின் ஒவ்வோர் இருக்கையும், விடுதியின் ஒவ்வொரு படுக்கையும், சாலையின் ஒவ்வோர் அடியும் மருத்துவருக்கும் மீட்பாளருக்கும் உரியவை. அங்கே நாம் செல்வது இடைஞ்சல். 2024 சூலை 30-ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலம் சரிந்து ஊரே புதைந்தபோது, 'வேடிக்கை பார்க்க யாரும் வரவேண்டாம். மீட்புப் பணி தடைபடும்' என்று கேரளக் காவல்துறை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. பின்னர் வேறொரு துன்பம். நிலம் சரிந்தது மாவட்டத்தின் ஒரு மூலையில். ஆனால் மாவட்டம் முழுவதுமே அழிந்துவிட்டதாக எண்ணிப் பயணிகள் ஒதுங்கினர். 'வயநாடு நலமாக இருக்கிறது, வாருங்கள்' என்று அழைக்கும் நிலை சுற்றுலாத் துறைக்கு ஏற்பட்டது. 'வராதீர்கள்' என்றதும் உண்மை; 'வாருங்கள்' என்றதும் உண்மை. எந்த அழைப்பு எந்த நாளுக்குரியது என்று அறிந்து நடப்பதே பண்பாடு.

வேளாங்கண்ணியை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று அங்கே மாண்டவர்களுள் பெரும்பகுதியினர் வெளியூர்களிலிருந்து அன்னையை நாடி வந்த திருப்பயணிகள். கடற்கரைக்கும் பேராலயத்திற்கும் இடையே கடை வைத்திருந்த உள்ளூராரும் அவர்களோடு மாண்டனர். வந்தவரும் இருந்தவரும் அன்று ஒரே குழியில் உறங்கினர். அதன் பின்னர் திருப்பயணிகள் அஞ்சி நின்றுவிட்டிருந்தால், மெழுகுதிரி விற்பவரும், சுரூபம் விற்பவரும், மீன் வறுத்து விற்பவரும் என்னாகியிருப்பர்? மக்கள் அஞ்சி நிற்கவில்லை. ஆகஸ்டு மாதக் கொடியேற்றத்திற்கு வடசென்னையிலிருந்து காவியுடை அணிந்து கால்நடையாகச் செல்வோர் இன்றும் அதே கரைக்குத்தான் செல்கின்றனர். நாம் அறியாமலே, துயர் கண்ட ஊருக்கு மீண்டும் செல்வது எப்படி என்பதை அந்தப் பயணங்களில் கற்றிருக்கிறோம்.

வேடிக்கையா, நினைவஞ்சலியா?

இனி, பேரிடர் நிகழ்ந்த இடத்தையே பார்க்கச் செல்வது குறித்துச் சிந்திப்போம். காலிக்குச் செல்லும் கடற்கரைப் பாதையில் பெரேலிய என்னும் ஊர் உள்ளது. 2004-இல் அங்கே ஓர் இரயில் அலைகளில் சிக்கி, அதிலிருந்த ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலக வரலாற்றில் இரயில் பயணிகளுக்கு நேர்ந்த மிகப் பெரிய உயிரிழப்பு அது. சிதைந்த பெட்டிகள் சில காலம் அங்கேயே நிறுத்தப்பட்டிருந்தன. பயணிகள் இறங்கிப் படம் எடுத்துச் சென்றனர். இன்று அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் முன் நின்று தலைகுனிந்து செல்வோரும் உளர். வண்டியை நிறுத்தாமல் சன்னல் வழியே படம் எடுத்துக்கொண்டு செல்வோரும் உளர்.

போர் முடிந்த வடபகுதியில் இதனினும் வேதனையான காட்சியைத் தமிழ் மக்கள் கண்டனர். கிளிநொச்சியில் தகர்ந்து வீழ்ந்த தண்ணீர்த் தொட்டி பார்வையிடமாக வைக்கப்பட்டு, பக்கத்தில் நினைவுப் பொருள் கடையும் திறக்கப்பட்டது. பேருந்து பேருந்தாக வந்தவர்கள் அதைக் கண்டு சென்றனர். தகரக் கொட்டகையில் குடியிருந்த அவ்வூர் மக்களோ, தம் துயரம் பிறருக்குக் காட்சியாவதைப் பார்த்து நின்றனர். இழந்தவர்களின் குரல் இல்லாத நினைவிடம், அவர்கள் காயத்தை மேலும் கீறுகிறது.

நம் தனுஷ்கோடியையும் எண்ணிப் பார்க்கலாம். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வந்த புயல் அந்த ஊரையும் பாம்பனிலிருந்து சென்ற இரயிலையும் கடலில் ஆழ்த்தியது. எழும்பூரிலிருந்து இரயிலேறித் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னார் சென்ற பழைய வழியும் அதோடு அற்றுப்போயிற்று. 2017-இல் புதிய சாலை திறக்கப்பட்ட பின், அங்கே இடிந்து நிற்கும் ஆலயச் சுவர்களின் முன் நின்று படம் எடுக்காதவர் அரிது. அது ஆலயமாக இருந்தது, அங்கே ஞானஸ்நானங்களும் திருமணங்களும் நடந்தன என்று எண்ணி ஒரு கணம் நிற்பவர் எத்தனை பேர்? ஆண்டுகள் கடந்துவிட்டால் துயரம் காட்சிப் பொருளாகிவிட வேண்டும் என்பது விதியா?

ஒரு நினைவிடத்திற்குச் செல்லலாமா என்று ஐயம் எழுந்தால், அதை எழுப்பியவர் யார், நம்மை அழைப்பவர் யார் என்று கேட்டால் போதும். 2001-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மாண்டவர்களின் நினைவாகக் குசராத்தின் புஜ் நகரில் 2022-இல் திறக்கப்பட்ட நினைவு வனத்தில், இறந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டுவாப்பிட்டி ஆலயத்தில், குருதி தெறித்த இயேசுவின் சுரூபத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கின்றனர். மாண்டவர் பெயர்களையும் பொறித்துள்ளனர். அவற்றை வைத்தவர்கள் இழந்தவர்களே. 'எங்கள் பிள்ளைகளை மறவாதீர்கள்' என்று அவர்களே நம்மை அழைக்கிறார்கள். அங்கே செல்வது வேடிக்கையன்று. ஒரு பெயரையேனும் மெல்லப் படித்து, அவருக்காக ஒரு செபம் சொல்லித் திரும்புவோமாயின் அது திருப்பயணமே.

கொழும்புத் துறைமுகத்தை அடுத்த கொச்சிக்கடைப் புனித அந்தோணியார் ஆலயமும் அத்தகையதே. நம் இராயபுரத்து இராயப்பர் ஆலயத்தைப் போலத் துறைமுகத்து உழைப்பாளர் நடுவே நிற்கும் ஆலயம் அது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தாரும் திரளும் இடம். குண்டு வெடித்து இரு மாதங்கள் நிறையுமுன்னரே, அந்தோணியார் திருநாளுக்கு முந்தின நாளான 2019 சூன் 12 அன்று, அது மீண்டும் திறக்கப்பட்டது. கதவைத் திறந்தவர்கள் அச்சம் நீங்கித் திறக்கவில்லை, அஞ்சியபடியே திறந்தார்கள். திறந்த கதவுக்குள் நுழைய மக்கள் வேண்டுமல்லவா?

செல்லும் குடும்பங்கள் சிந்திக்க

பயணம் செல்லத் தீர்மானித்த குடும்பங்களுக்குச் சில சொற்கள்.

முதலாவதாக, இடத்தை அறிந்து செல்லுங்கள். நாடு என்பது ஒரே அறை அன்று. 'டிட்வா' புயலில் கண்டி, பதுளை, நுவரெலியா முதலிய மலைநாட்டு மாவட்டங்கள் மண்சரிவால் பேரிழப்பைக் கண்டன. தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் நம் மலையகத் தமிழ் மக்களும் அதில் அல்லலுற்றனர். மலை இரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. ஒரு மாவட்டம் விருந்தினரை வரவேற்கும் நிலைக்கு வந்த பின்னும், அடுத்த மாவட்டம் இடிபாடுகளை அகற்றிக்கொண்டிருக்கலாம். செல்லுமுன் அங்குள்ள பங்குத் தந்தையரிடமோ உறவினரிடமோ கேட்டறிவது நன்று. குடிநீர், மருந்து, சாலை நிலை ஆகியவற்றை விசாரித்து, நம்மால் அவர்களுக்குச் சுமை நேராதவாறு புறப்பட வேண்டும்.

அடுத்து, நாம் செலவிடும் பணம் யார் கையில் சேர்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் இங்கேயே ஒரே தொகையாகக் கட்டிவிட்டுச் சென்றால், அங்குள்ள எளியவருக்கு எஞ்சுவது சிறிதே. குடும்பத்தார் நடத்தும் சிறு தங்கும் இல்லங்கள், தெருமுனைச் சாப்பாட்டுக் கடைகள், உள்ளூர் ஓட்டுநர், உள்ளூர்க் கைவினைப் பொருள்கள் ஆகியவற்றை நாடினால் ஒவ்வொரு ரூபாயும் ஓர் இல்லத்தை எட்டும்.

பேரம் பேசுவதில் அளவு வேண்டும். ஆள் வராத ஊரில் விற்பவர் எந்த விலைக்கும் இணங்குவார். வீட்டில் பசி இருக்கிறது. அந்த இயலாமையைப் பயன்படுத்தி மலிவாக வாங்கிவிட்டு, 'கெட்டிக்காரத்தனம்' என்று மெச்சிக்கொள்வது நமக்கு அழகன்று. 'எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம்' என்ற பழமொழி யாரைக் குறித்தது என்பதை நாம் அறிவோம்.

படம் எடுப்பதில் ஓர் எளிய அளவுகோல் போதும்: அந்த இடத்தில் நம் தாயோ நம் பிள்ளையோ இருந்தால் அயலார் எடுக்க விடுவோமா? விடமாட்டோம் என்றால் நாமும் எடுக்க வேண்டாம். கைப்பேசி நம் அனைவர் கையிலும் உள்ள இக்காலத்தில் இக்கட்டுப்பாடு பிள்ளைகளுக்கும் கற்பிக்கப்பட வேண்டும். அதுபோலவே, துயரத்தைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொல்ல முன்வந்தால், இடைமறிக்காமல், கடிகாரத்தைப் பாராமல் கேளுங்கள். ஆட்டோவில் அமர்ந்தவரிடம் ஓட்டுநர் தம் வீடு போன கதையைச் சொல்லத் தொடங்கினால், அந்தப் பயணத்தில் காண வேண்டிய காட்சிகளைவிட அது பெரிது.

தெருவில் பிள்ளைகளுக்கு இனிப்பும் நோட்டும் வாரி வழங்குவது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது நாளடைவில் பிள்ளையைக் கையேந்த வைக்கும். உதவ விரும்புவோர் பங்கின் வழியாகவோ, காரித்தாஸ் போன்ற திருச்சபை அமைப்புகளின் வழியாகவோ செய்யலாம். செல்ல இயலாதோர் பயணத்திற்கென ஒதுக்கியதில் ஒரு பகுதியை அவ்வாறு அனுப்பலாம். மீட்பு நாள்களில் அதுவே நாம் செல்வதைவிட மேலான பயணம்.

இறுதியாக, திரும்பி வந்த பின் பேசுங்கள். 'அந்தக் கடை திறந்திருக்கிறது. அந்த ஊரில் இரவு நிம்மதியாக உறங்கினோம். அவர்கள் நம்மை அன்போடு வரவேற்றார்கள்' என்று நான்கு பேரிடம் சொல்லுங்கள். அன்று நம் மீனைப் பற்றி ஒருவர் இவ்வாறு சொல்லியிருந்தால், காசிமேட்டில் எத்தனை அடுப்புகள் ஒரு வாரம் முன்னரே எரிந்திருக்கும்!

அவரும் வழிப்போக்கரே

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் ஒன்றைக் கவனிப்போம். அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவியவர் அந்த ஊராரல்லர். தம் அலுவலாக எங்கோ சென்றுகொண்டிருந்த பயணி. அவருக்கு முன் சென்ற இருவரும் பார்த்தார்கள், விலகிச் சென்றார்கள். இவரும் பார்த்தார், ஆனால் நெருங்கினார். காயத்தைக் கட்டினார், சாவடிக்காரரிடம் தம் பணத்தைக் கொடுத்தார், திரும்பி வரும்போது மீதியையும் தருவதாகச் சொன்னார். ஆம், அவர் மீண்டும் வருவதாக வாக்களித்தார்! பயணத்தைக் கைவிடவும் இல்லை. பயணத்தின் பெயரால் அடிபட்டவரைக் கைவிடவும் இல்லை.

துயர் கண்ட நாடு நம்மிடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. முதல் நாளில் உதவி. துக்க நாள்களில் அமைதி. கடை திறந்த நாளில் நம் வருகை. அடுத்த ஆண்டும் ஒரு வருகை. செய்தித்தாள்கள் மறந்துவிடும் இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் செல்பவரே பெருந்துணை செய்பவர். எண்ணெய் படிந்த ஆற்றைப் பற்றி எழுத 2023 டிசம்பரில் எண்ணூருக்கு வந்தவர் பலர். முகத்துவாரத்தில் இப்போது இறால் படுகிறதா என்று கேட்க வருபவர் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பவர்கள் நாம். அதே கேள்வியோடு நீர்கொழும்புக்கும் மடுவுக்கும் மலையகத்துக்கும் நம் குடும்பங்கள் செல்லட்டும்.